யார், எங்கே, எப்போது ஊற்றினார்கள்?

1968ஆம் ஆண்டில் கியூபெக் அரசு ஒரு கொம்பனிக்கு இரண்டு அனுமதிப்பத்திரங்களை வழங்கியது. மொன்றியல் தீவுக்குத் தென்மேற்கே, ஷாத்தோகேயைத் தாண்டி இருக்கும் மேர்சியே என்னும் விவசாய ஊரில், கிரவல் அள்ளி முடிந்து கைவிடப்பட்ட குழிகளுக்குள் திரவக் கழிவுகளை ஊற்றலாம் என்பதே அவற்றின் சாரம். களவாக நடந்த காரியமல்ல இது. முத்திரை குத்தி, கையெழுத்திட்டு, கோப்பில் இலக்கமிட்டு நடந்த காரியம். பெருநகரத்துத் தொழிற்சாலைகளின் கழிவெண்ணெயும் இரசாயன மீதிகளும் கரைப்பான்களும் பவுசர்களில் அங்கே போய்ச் சேர்ந்தன. 1972 அளவில் நிலத்தடி நீர் நஞ்சேறிவிட்டது என்பது உறுதியாயிற்று. ஊற்றுவது நின்றது. கிணற்றை நம்பியிருந்த ஊருக்கு அரசு வேறு இடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது.

நாலு வருட வேலை. அதன் பின்கதை அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. 1982இல் அந்தப் பிரதேசத்தில் நிலத்தடி நீரை எடுப்பதைக் கட்டுப்படுத்தத் தனி ஒழுங்குவிதி வந்தது. 1984இல், நஞ்சு மேலும் பரவாதபடி கிணறுகளிலிருந்து நீரைப் பம்பி இழுத்துச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றை அரசு இயக்கத் தொடங்கியது. அந்தப் பம்பிகள் பல தசாப்தங்கள் ஓடின. 1999இல் மேர்சியேயும் அயலிலுள்ள மூன்று நகரசபைகளும் நீதிமன்றம் போயின. அவை வழக்கிட்டது, காணி அப்போது யாரிடம் இருந்ததோ அந்தக் கொம்பனிமீதும் கியூபெக் அரசுமீதும். 2007இல் அரசு அதே கொம்பனியிடம் 174 இலட்சம் டொலர் கேட்டு அறிவித்தல் அனுப்பியது. 1968இல் பத்திரம் வாங்கியவர் வேறு யாரோ, இதற்கு நாம் பொறுப்பல்ல என்பது கொம்பனியின் பதில்.

பத்திரம் கொடுத்த அரசே பின்னர் பணம் கேட்கிறது. பத்திரம் வாங்கியவர் எப்போதோ போய்விட்டார். காணி கைமாறிக் கைமாறி யாரிடமோ நிற்கிறது. தொழிற்சாலை நிலங்கள் பலவற்றின் வரலாறு இந்த வடிவத்திலேயே இருக்கிறது.

சுற்றுச்சூழல் என்பது வயிறு நிறைந்த வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்றொரு கருத்து எம்மிடையே உண்டு. இதற்கு நேரெதிராக இன்னொன்றும் உண்டு: இங்கே சட்டம் இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது, ஊரில்தான் எல்லாம் நாசம் என்பது. இரண்டுமே அரைகுறையானவை என்பது என் எண்ணம். இவற்றைப் பரிசீலிப்பதற்கு, கரைப்பான் என்பது நிலத்துக்குள் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

உலோகப் பாகங்களை வெட்டி, கடைந்து, துளைத்து முடித்ததும் அவற்றில் எண்ணெயும் கிறீஸும் படிந்திருக்கும். பூச்சுப் பூசுவதற்கோ ஒட்டுவதற்கோ முன்னர் அதைக் கழுவ வேண்டும். தண்ணீரும் சவர்க்காரமும் சரிவராது, துருப்பிடிக்கும். ட்றைகுளோரோஎதிலீன் (தொழிற்சாலைப் பேச்சில் ரி.சி.ஈ.) இதற்கென்றே வாய்த்த பொருள்போல வந்தது. தீப்பிடிக்கும் பயம் குறைவு, விரைவாக உலரும், கிறீஸை அப்படியே கரைக்கும், விலையும் மலிவு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆகாயவிமானம் முதல் வானொலிப்பெட்டி வரை எதைச் செய்த தொழிற்சாலையிலும் இதுவோ இதன் உறவுப் பொருள் ஒன்றோ தொட்டியில் இருந்தது. உடுப்பு உலர்சலவைக் கடைகளில் அதன் சகோதரமான பேர்குளோரோஎதிலீன். பாவித்து அழுக்கானதை என்ன செய்வது? பின்வாசலால் கொண்டுபோய் மண்ணில் ஊற்றினால் ஆவியாகிவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. கண்ணுக்குத் தெரிந்தவரை அது உண்மைபோலவே இருந்தது.

யாழ்ப்பாணத்துக் கிணற்றில் மண்ணெண்ணெய் விழுந்தால் என்ன நடக்கும் என்பது எமக்குத் தெரியும். மேலே வானவில்போலப் படரும். மணக்கும். வாளியை இறக்க முதலே கண்டுபிடித்துவிடலாம். ரி.சி.ஈ. அப்படியல்ல. ஒரு லீற்றர் ஏறத்தாழ 1.46 கிலோ எடை, தண்ணீரைவிடப் பாரம். நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் அது நிற்பதில்லை. நீருக்குள்ளேயே கீழிறங்கி, களிப்படை தடுத்தால் அதன் சரிவில் பக்கவாட்டாக ஓடி, வெடிப்பு அகப்பட்டால் பாறைக்குள் புகுந்து, நுனிகளில் துளிதுளியாகவும் குட்டையாகவும் தங்கிவிடுகிறது. தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். லீற்றருக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல். ஆனால் குடிநீரில் கனடா அனுமதிக்கும் அளவு லீற்றருக்கு 5 மைக்கிரோகிராம், அதாவது கிராமின் பத்து இலட்சத்தில் ஐந்து பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லீற்றர் ரி.சி.ஈ. முழுவதும் கரைந்தால் 29 கோடி லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரும். ஒரு பரல் கவிழ்ந்தால் எத்தனை ஊர்க் கிணறு என்பதை வாசகர் பெருக்கிக்கொள்ளட்டும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் இதை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது.

இந்தக் கீழிறங்கும் குணத்தை அறிவியல் உலகம் கவனித்தது பிந்தித்தான். ஜேர்மனியரான ஃபிறீட்றிஷ் ஷ்வில்ல கண்ணாடித் தொட்டிகளில் மணலை நிரப்பிக் கரைப்பான்களை ஊற்றி, அவை எப்படி விரல்விரலாகக் கீழே போகின்றன என்று காட்டினார். அவரது நூல் 1988இல் ஆங்கிலத்துக்கு வந்தது. ஒன்ராறியோவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஜோன் செரியும் அவரோடு நின்றவர்களும் போர்டன் இராணுவ முகாமின் மணல் நிலத்தில், சுற்றிவர இரும்புத் தகடுகளை அடித்து இறக்கி அடைத்த சிறு துண்டுகளில், வேண்டுமென்றே கரைப்பானை விட்டுப் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் கண்ட விடயம் புலனாய்வு செய்பவர்களுக்கு உவப்பானதல்ல. கரைப்பான் போகும் பாதை விரற்கடை அகல மண் வேறுபாட்டால்கூட மாறிவிடும். பத்து மீற்றருக்கு ஒரு துளை போட்டாலும், இரண்டு துளைக்கும் நடுவில் குட்டை ஒன்று யாருக்கும் தெரியாமல் கிடக்கலாம். இன்னும் மோசம், தவறான இடத்தில் ஆழமாகத் துளைத்தால், களிப்படையின் மேல் தங்கியிருந்த நஞ்சுக்குப் பாறைக்குள் இறங்க நாமே வழி திறந்துவிட்டவர்களாவோம்.

இதனாலேயே தொழிற்சாலை நிலத்தைச் சோதிப்பவர்கள் முதலில் துளையிடும் இயந்திரத்தைக் கொண்டுவருவதில்லை. முதற்கட்டம் என்று அவர்கள் சொல்வது முழுக்க முழுக்க ஒரு வரலாற்று வேலை. பழைய காணி உறுதிகள், தீக்காப்புறுதிக் கொம்பனிகள் வரைந்த வரைபடங்கள், பத்து வருடத்துக்கொன்றாக எடுக்கப்பட்ட வான்படங்கள், தொலைபேசிப் புத்தகங்கள், நகரசபை அனுமதிகள். 1950இல் இங்கே வயல், 1964இல் ஒரு கூரை, 1971இல் கூரைக்குப் பின்னால் ஒரு கறுத்தத் திட்டு, 1980இல் அந்தத் திட்டின் மேல் கார் தரிப்பிடம். அந்தக் கறுத்தத் திட்டைக் கண்டவருக்குப் பாதி வேலை முடிந்தது. பிறகுதான் இரண்டாம் கட்டம்: துளை, அதற்குள் கண்காணிப்புக் குழாய், மூன்று குழாய்களின் நீர்மட்டத்தை ஒப்பிட்டு நீர் எந்தத் திசைக்கு ஓடுகிறது என்ற கணிப்பு. நீர் மாதிரியை எடுப்பதே ஒரு கலை. 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பியை ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் நிரப்பி மூடவேண்டும். குமிழி இருந்தால் கரைப்பான் தண்ணீரை விட்டு அதற்குள் போய்விடும். ஆய்வுகூடம் குறைவாகவே கணக்கிடும்.

ஆய்வுகூட முடிவுகளுக்கும் ஒரு வரலாற்று வாசிப்பு உண்டு. ரி.சி.ஈ. நிலத்தடியில் காற்றில்லாத இடத்தில் மெல்ல உடைந்து டைகுளோரோஎதிலீனாகவும் பின் வைனைல் குளோரைட்டாகவும் மாறுகிறது. கடைசியாகச் சொன்னது முதலாவதைவிடப் பொல்லாதது. ஒருவருமே வைனைல் குளோரைட்டைப் பாவிக்காத நிலத்தில் அது கிடைத்தால், பழைய கரைப்பான் ஒன்று நெடுங்காலம் கிடந்து சிதைகிறது என்று பொருள். இன்னொரு கரைப்பானான ட்றைகுளோரோஎதேன் ஓசோன் படையைக் கெடுப்பதால், 1987இல் எமது இதே நகரத்தில் கைச்சாத்தான மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் 1990இல் சேர்க்கப்பட்டு, பணக்கார நாடுகளில் 1995 முடிவோடு உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆகவே அது கணிசமாக அகப்படும் நிலத்தில் கசிவு பெரும்பாலும் அதற்கு முந்தியது. தொல்பொருளாராய்ச்சியில் மட்பாண்டத் துண்டு செய்யும் வேலையை இங்கே ஒரு மூலக்கூறு செய்கிறது.

ஆயினும் வரைபடமும் மூலக்கூறும் சொல்லாத ஒன்றுண்டு. செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் அழுக்குத் தொட்டியைக் காலிசெய்தது யார், எந்த மூலையில் ஊற்றச் சொன்னார்கள் என்பதை ஊற்றியவரே அறிவார்.

அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூபேர்ன் நகரம் இதற்குச் சாட்சி. 1964இலும் 1967இலும் தோண்டிய இரண்டு நகரசபைக் கிணறுகளில் ரி.சி.ஈ. இருப்பது 1979இல் தெரிந்து அவை மூடப்பட்டன. அதற்கு முன்னரே அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வழமைக்கு மீறி வருவதைக் கவனித்தவர்கள் விஞ்ஞானிகளல்லர், தாய்மார். அயலிலிருந்த டபிள்யூ. ஆர். கிறேஸ் கொம்பனியின் தொழிற்சாலையில் எதைப் பாவித்தார்கள், எங்கே கொட்டினார்கள் என்பது, வழக்கின்போது தொழிலாளர்களை ஒவ்வொருவராகச் சத்தியத்தின் பேரில் விசாரித்தபோதே வெளிவரத் தொடங்கியது. பாவித்த இரசாயனங்கள் பற்றி அரச சுற்றாடல் முகவரகத்துக்குப் பொய்த்தகவல் கொடுத்ததாக 1988இல் கொம்பனி குற்றத்தை ஏற்றது. தண்டம் 10,000 டொலர்! அலுவலகக் கடதாசி பொய் சொன்னது. தொழிலாளியின் ஞாபகம் சொல்லவில்லை.

இங்கே எமக்கு நேரடியான சம்பந்தம் வருகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மொன்றியலுக்கு வந்திறங்கிய எம்மவரில் எத்தனை பேர் உலோகப் பட்டறைகளிலும் மின்னியல் பாகங்கள் பூட்டும் இடங்களிலும் சலவைத் தொழிற்சாலைகளிலும் முதல் வேலையைத் தொடங்கினார்கள்! தொட்டியைக் கழுவும் வேலை கடைசியாக வந்தவனுக்குத்தான். பெயர் தெரியாத திரவம், கையுறை இல்லாத கை, மத்தியானத்தில் ஒரு தலைச்சுற்று, "வெளியில் போய்க் காத்து வாங்கிவிட்டு வா" என்று ஒரு போமன். புலனாய்வுக்கு வருகிறவர் பேட்டி காண்பது முகாமையாளரையும் பராமரிப்புப் பொறுப்பாளரையும். இரவு வேலைக்கு நின்ற சிவலிங்கத்தையோ செல்வராசாவையோ யாரும் தேடுவதில்லை. அவர்கள் அதற்குள் மூன்று வேலை மாறியிருப்பார்கள். மாறாமல் இருந்தாலும் பிரெஞ்சில் கேட்டால் என்ன சொல்வது?

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவை எடுத்துக்கொள்வோம். மொன்றியல் தீவின் மேற்கு நுனி. ஒட்டாவா ஆறு சென் லோறன்ஸோடு கலக்குமிடம். 1843இல் திறந்த கால்வாய்ப் பூட்டும், 1907இல் தொடங்கிய மக்டோனல்ட் விவசாயக் கல்லூரியும் அதன் பெருமைகள். கோடையில் எம்மவர் குடும்பமாகப் போய்க் கரையோரப் பலகைப் பாதையில் ஐஸ்கிறீம் சாப்பிடும் ஊர். அதே ஊரின் வடபுறம், 40ஆம் இலக்க நெடுஞ்சாலையின் ஓரத்தில் தொழிற்பேட்டை. இன்ன தொழிற்சாலை நிலம் நஞ்சேறியிருக்கிறது என்று குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. மேற்குத் தீவின் எந்தத் தொழிற்பேட்டைக்கும் பொருந்தும் ஒரு நிலைமையைச் சொல்லவே இந்த ஊர். இங்கே குழாய்த் தண்ணீர் சென் லூயி ஏரியிலிருந்து சுத்திகரித்து வருகிறது; கிணற்றை யாரும் நம்பியில்லை. ஆகவே மேர்சியேயில் நடந்ததுபோலத் தண்ணீர் காட்டிக்கொடுக்காது. கீழே வெடிப்புகள் கொண்ட பாறை, மேலே களியும் கல்மண்ணும். உள்ளே எது கிடந்தாலும் கிடந்தபடியே இருக்கும்.

குடிக்காவிட்டால் என்ன ஆபத்து என்று கேட்கலாம். கரைப்பான் ஆவியாகும் பொருள் என்று முன்னர் சொன்னேன். நிலத்தடியிலிருந்து அந்த ஆவி மண்ணின் இடுக்குகளால் மேலேறி, அத்திவாரத்து வெடிப்புகளாலும் குழாய் வரும் துளைகளாலும் கட்டடத்துக்குள் புகும். குளிர்காலத்தில் வீடு சூடாகிக் காற்று மேலெழும்போது நிலக்கீழ் அறை மண்ணிலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. பேஸ்மென்ற்களில் குடியிருப்பவர்கள் யார் என்பதை எம் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. நிலத்தைச் சோதிப்பவர்கள் இதைப் பரவலாகக் கணக்கில் எடுக்கத் தொடங்கியது தொண்ணூறுகளுக்குப் பிறகே.

கியூபெக்கில் கிணறு காட்டிக்கொடுத்த இன்னோர் இடம் சானன். கியூபெக் நகரத்துக்கு அருகே வல்கார்ட்டியே இராணுவ முகாமின் கிணறுகளில் 1997இல் ரி.சி.ஈ. கண்டுபிடிக்கப்பட்டது. பக்கத்து ஊரான சானனின் வீட்டுக் கிணறுகளில் இருப்பது 2000 டிசம்பரில்தான் தெரியவந்தது. மக்கள் கூட்டாக வழக்கிட்டார்கள். 2012 தீர்ப்பு, புற்றுநோய்களுக்கும் தண்ணீருக்கும் உள்ள தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றது. தண்ணீர் கெட்டதால் வந்த சிரமத்துக்கு மட்டும் ஒரு சிறு தொகை. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இழப்பீட்டுக் காலத்தை விரித்தது. நோயைப் பொறுத்தவரை மக்கள் தோற்றார்கள் என்றே சொல்லவேண்டும். பத்திருபது வருடத்துக்கு முந்தி எந்தக் கிணற்றில் எவ்வளவு இருந்தது என்பதை இன்றைய குப்பி சொல்லாது.

இனிச் சுன்னாகம். குடாநாட்டில் ஆறில்லை, சுண்ணாம்புக்கற் பாறையின் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் நிற்கும் மழைநீரே எமது குடிநீர், தோட்டநீர் எல்லாம். சுன்னாகத்து மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். 2013-14இல் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை சோதித்த 150 கிணறுகளில் 109இல் எண்ணெயும் கிறீஸும் அனுமதித்த அளவைவிடக் கூட. 2015 தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். வடமாகாண சபை நியமித்த நிபுணர்குழு ஆபத்தில்லை என்றவாறு அறிக்கை கொடுத்தது. யாருடைய எண்ணெய் என்பதே பெரும் வாதம்: மின்சாரசபையின் பழைய நிலையத்தில் யுத்தகாலத்திலிருந்து தேங்கிய கழிவா, பிறகு வந்த தனியார் நிலையத்தினதா? 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர்நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, நோர்தேர்ன் பவர் கொம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. மாகாண சபைக் குழுவின் அறிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

எம்மவர் கூடிய சபையே எம்மவர் கிணற்றைப் பற்றி அப்படியொரு அறிக்கையைக் கொடுத்தது என்பதை மென்று விழுங்கவேண்டியதில்லை, எழுதிவைக்க வேண்டும். மேர்சியேயில் கிரவல் குழிக்குப் பத்திரம் கொடுத்ததும் மக்கள் வாக்களித்துத் தெரிந்த அரசுதான். சுன்னாகத்து மக்களுக்கு ஓர் அனுகூலம் இருந்தது: எண்ணெய் மிதந்தது. சாட்சி சொல்லக் கிணறே போதுமாயிருந்தது. யாழ்ப்பாணத்துப் பாறைக்குள் இறங்கியது எண்ணெயாக இல்லாமல் கரைப்பானாக இருந்தால் யார் கண்டிருப்பார்? இன்று ஊரில் தொழிற்பேட்டைகள் வரவேண்டும், புலம்பெயர்ந்தோர் முதலிடவேண்டும் என்று கூட்டங்கள் நடக்கின்றன. அந்தக் கூட்டங்களில் கழிவு எங்கே போகும் என்ற கேள்வியை நான் இன்னும் கேட்கவில்லை.

கியூபெக்கில் 2003 மார்ச் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பட்டியலிட்ட வகைத் தொழிற்சாலை ஒன்று மூடப்பட்டால் ஆறு மாதத்துக்குள் நிலத்தைச் சோதிக்கவேண்டும். எல்லையை மீறி நஞ்சு இருந்தால் காணிப்பதிவேட்டில் குறிக்கவேண்டும். அதற்கு முன்னர் மூடியவற்றுக்கு இந்தக் கட்டாயம் பெரும்பாலும் பொருந்தாது. காணி விற்கும்போது வங்கி கேட்டால் சோதிப்பார்கள். சுற்றாடல் அமைச்சு நஞ்சேறிய நிலங்களின் பொதுப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. நகரசபைப் பெயரைக் கொடுத்துத் தேடலாம். விலாசம், மண்ணில் என்ன, நிலத்தடி நீரில் என்ன, துப்பரவாக்கப்பட்டதா என்பவை வரும். அமைச்சுக்குத் தெரியவந்தவை மட்டுமே அதில் உள்ளன. இந்தப் பட்டியலுக்குள் சேராதது எவ்வளவு என்பதைச் சொல்லக்கூடியவர்கள் எமது மூத்த தொழிலாளர்கள்தான், அறுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். வேலைசெய்த இடம், வருடங்கள், திரவத்தின் மணம், பரலில் இருந்த எழுத்து, ஊற்றிய மூலை: இவற்றைத் தமிழிலேயே சொல்லி ஒரு கொப்பியில் எழுதிவைத்தால் போதும். பிரெஞ்சாக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அமைச்சிடம் கையளிக்கப்பட்ட ஆய்வறிக்கைகளைத் தகவலறியும் சட்டத்தின் கீழ் எவரும் கேட்கலாம். காணி விலாசத்தைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம். இருபது நாளில் பதில் தரவேண்டும், இன்னும் பத்து நாள் நீடிக்கலாம். இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இதே உரிமையைத் தருகிறது.